கோட்டில் ஒரு பள்ளம்

அந்த வீட்டில் அண்ணன் தம்பி இரண்டு பேர். அண்ணன் மனைவியை மூத்தவள் என்றும் தம்பி மனைவியை இளையவள் என்றும் அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். இளையவளுக்கு அருவருப்பு பிறவிக் குணம். பஸ்ஸில் கம்பியைக் கைக்குட்டை சுற்றாமல் பிடிக்க மாட்டாள். ஹோட்டலில் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, விளிம்பில் யாருடைய உதட்டு அடையாளமாவது தெரிந்தால் வந்த பசியை அங்கேயே விட்டுவிட்டு எழுந்து வந்துவிடுவாள். அப்பேர்ப்பட்டவளுக்கு வாய்த்ததோ ஆட்டுக்கிடாய் நாற்றம் அடிக்கிற லேபில் வேலை.

நாறியது சர்க்கரை. நம்பத்தான் வேண்டும். அந்தக் கம்பெனி சர்க்கரையையும் எண்ணெயிலிருந்து பிரித்த கொழுப்பு அமிலத்தையும் கோத்து ஒரு வெள்ளைப் பொடி செய்தது. ஐஸ்கிரீம், கேக், குழந்தைக்குப் பூசுகிற லோஷன் என்று எண்ணெயும் தண்ணீரும் சண்டை போடாமல் சேர்ந்திருக்க வேண்டிய இடத்திலெல்லாம் அது போகும். தின்றாலும் ஒன்றும் செய்யாது என்று சொல்லித்தான் விற்றார்கள். ஆனால் பொடியில் ஈரம் பட்டு நாலு நாள் கிடந்தால் கோத்தது அவிழ்ந்து, கொழுப்பு அமிலம் தனியே கழன்று, கிடாயின் கழுத்து மயிரில் மூக்கை வைத்த மாதிரி வீச்சம் அடிக்கும். கரைத்த தண்ணீரை மறந்து மூலையில் வைத்துவிட்டாலோ, இனிப்புக்கு ஆசைப்பட்டு பூஞ்சை குடியேறிச் சளி மாதிரி கொழகொழவென்று தொங்கும். அதைத் தொட்டியில் கவிழ்க்கும்போது இளையவள் மூச்சையும் அடக்கிக்கொள்வாள், கண்ணையும் மூடிக்கொள்வாள்.

அவள் வேலை அளப்பது. தண்ணீரின் மேற்பரப்பு இழுத்துக் கட்டிய தோல் மாதிரி விறைப்பாக இருக்கும். மெஷினில் தொங்கும் மெல்லிய பிளாட்டினம் வளையத்தை அதில் தொடவைத்து மேலே தூக்கினால் தோல் விடாமல் பிடித்து இழுக்கும். எவ்வளவு பலமாகப் பிடிக்கிறது என்பதுதான் பரப்பு இழுவிசை. சுத்தமான தண்ணீருக்கு எழுபத்திரண்டு. பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால், சர்க்கரைத் தலையைத் தண்ணீருக்குள் வைத்துக் கொழுப்பு வாலை வெளியே நீட்டிக்கொண்டு அதன் மூலக்கூறுகள் பரப்பெங்கும் நெருக்கியடித்து நிற்கும். இழுவிசை இறங்கிக்கொண்டே வரும். இடம் நிரம்பிய பிறகு இறக்கம் நின்றுவிடும். அதற்கு மேல் மூட்டை மூட்டையாகக் கொட்டினாலும் முப்பத்துமூன்றுதான். வரைபடத்தில் பார்த்தால் முதலில் ஒரு சரிவு, பிறகு சமதரை. அழுக்கு கலந்திருந்தால் மட்டும் சரிவின் அடியில் ஒரு பள்ளம் விழும். பிறகு பொடி கூடக் கூட, மிஞ்சிய மூலக்கூறுகள் கூட்டமாகத் திரண்டு அழுக்கை விழுங்கிவிட, கோடு மெல்ல ஏறித் தரைக்கு வரும்.

புது ரகப் பொடியை அளக்கத் தொடங்கிய மூன்று மாதமாக இளையவளின் கோட்டில் பள்ளம் விழுந்துகொண்டிருந்தது.

பொடியில்தான் அழுக்கு என்று எல்லோரும் இருந்தார்கள். அந்த வெள்ளிக்கிழமை, பொடி வாங்குகிறவர்களின் லேபிலிருந்து ஒரு கோடு வந்தது. அதே பொடி, அதே மூட்டை. வழித்துவிட்ட மாதிரி சரிவு, மட்டம் பார்த்துப் பூசிய மாதிரி தரை. பள்ளம் இல்லை. மேலாளர் இரண்டு காகிதங்களையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"பொடி சுத்தம். அப்ப அழுக்கு நம்ம லேப்ல இருக்கு," என்றார். "கரைசல் போடறது அவங்க. இருபது வருஷ அனுபவம். அளக்கறது நீ. ரெண்டு வருஷம். நான் யாரைச் சந்தேகப்படணும்னு நீயே சொல்லும்மா."

அவங்க என்று அவர் கை காட்டியது மூத்தவளை. ஒரே வீடு, ஒரே லேப். இந்த வேலையை இளையவளுக்கு வாங்கிக் கொடுத்ததே அவள்தான். அதை வாரத்துக்கு ஒரு தரமாவது வீட்டில் சொல்லிக் காட்டாமல் இருந்ததில்லை. இப்போது வெள்ளை மேலங்கியின் பையில் கையை விட்டுக்கொண்டு, ஆளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"வளையத்தை நெருப்புல நல்லா சுட்டுச் சுத்தம் பண்றதில்ல சார். சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிக்குது."

"அடுத்த வெள்ளிக்குள்ள பள்ளம் இல்லாத கோடு என் மேஜைக்கு வரணும்," என்றார் மேலாளர். "வரலைன்னா மெஷினுக்கு வேற ஆளைப் பார்த்துக்கறேன். நீ வீட்ல குழந்தையைப் பார்த்துக்கலாம்."

இளையவளுக்கு முகம் ஜிவ்வென்று எரிந்தது. வேலை போவது ஒரு பக்கம். அழுக்கு என்ற பேரோடு போவதா? பஸ் கம்பியைத் தொடாதவள், அசுத்தக்காரி என்று பட்டம் கட்டிக்கொண்டு வீட்டில் உட்காருவதா?

வீட்டிலும் அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அதே பேச்சு. மூத்தவள் தன் தட்டைத் துணியால் மூன்றாம் முறையாகத் துடைத்துக்கொண்டே, "ஒரு வளையத்தைச் சுத்தமா வெச்சுக்கத் தெரியல, என்ன சொல்லி என்ன?" என்றாள். மூத்தவளின் சுத்தம் ஊருக்கே தெரிந்த சுத்தம். அவளுக்கென்று தனி டம்ளர், தனிக் கரண்டி, தனித் துண்டு. இளையவள் கழுவி வைத்த பாத்திரத்தை முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடி கழுவுவாள். அண்ணன் சோற்றைப் பார்த்துக் குனிந்துகொண்டார். தம்பி, அதாவது இளையவளின் புருஷன், தண்ணீர் எடுக்கப் போகிற சாக்கில் எழுந்து போனான். ஆபத்து சமயத்தில் அவனுக்கு எப்போதும் தாகம் எடுக்கும்.

இளையவளால் வாயைத் திறந்து சண்டை போடவும் முடியவில்லை. காரணம், குழந்தை. பத்து மாதப் பிள்ளை. காலையில் அண்ணனும் தம்பியும் ஆறு மணி ஷிஃப்டுக்குப் போய்விடுவார்கள். தெருவில் லாரிகள் ஓடத் தொடங்கினால் தரை அதிர்ந்து மெஷின் முள் ஆடும் என்பதால் இளையவள் எட்டு மணிக்கே லேபில் இருந்தாக வேண்டும். மூத்தவளுக்குப் பத்து மணி வேலை. பிள்ளைக்குப் பால் கலந்து கொடுத்து, குளிப்பாட்டி, காப்பகத்தில் விட்டுவிட்டு வருவது அவள்தான். அவளுக்குப் பிள்ளை இல்லை. இவன் மேல் உயிரையே வைத்திருந்தாள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

திங்கட்கிழமையிலிருந்து இளையவள் அழுக்கைத் தேடினாள். வளையத்தை ஒரு தரத்துக்கு மூன்று தரம் நெருப்பில் காட்டினாள். அது செக்கச்செவேல் என்று சிவந்து, அவள் கண்தான் கலங்கியது. தண்ணீரை இரண்டு முறை காய்ச்சி வடித்தாள். கண்ணாடிப் பாத்திரங்களை அமிலத்தில் ஊறவைத்தாள். அப்புறம் தன் மேலேயே சந்தேகம் வந்தது. தலைக்கு எண்ணெய் வைப்பதை நிறுத்தினாள். முகத்துக்குப் பூசும் கிரீமைக் குப்பையில் போட்டாள். லேபுக்குள் நுழையும் முன் முகம், கழுத்து, முழங்கை வரை சோப்பு போட்டுத் தேய்த்துத் தேய்த்து, தோல் வெளுத்துச் செதில் எழும்பியது. கண்ணாடியில் பார்த்தால் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தாள்.

பள்ளம் அசையவில்லை. முன்பு எங்கே விழுந்ததோ அங்கேயே, சொல்லிவைத்தாற்போல் விழுந்தது.

செவ்வாய் மதியம், சாப்பாட்டு டப்பாவைத் திறக்கக்கூட மனம் இல்லாமல் இரண்டு கோடுகளையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். அப்போதுதான் கண்ணில் பட்டது. வரிசையில் பன்னிரண்டு குடுவைகள். முதல் நான்கு புள்ளிகள் வாங்குகிறவர்களின் கோட்டோடு அச்சாகப் பொருந்தின. ஐந்தாவதில்தான் வழுக்கல் தொடங்கியது. வளையத்தில் அழுக்கு என்றால் நீர்த்த கரைசலில்தான் முதலில் காட்டிக்கொடுக்கும், அங்கே பொடி குறைச்சல். ஐந்தாவதில் புதிதாக என்ன நடக்கிறது? யோசித்து யோசித்து ஒரே ஒரு பதில்தான் வந்தது. ஐந்தாவது குடுவையிலிருந்துதான் கரைசல் நுரைக்கும். பழைய ரகம் இப்படி நுரைத்ததில்லை.

குடுவை என்றால் உருண்டை வயிறும் ஒல்லிக் கழுத்தும் உள்ளது. கழுத்தில் ஒரு கோடு இருக்கும். அந்தக் கோடு வரை சரியாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும். நுரைத்தால் கழுத்தை நுரை அடைத்துக்கொள்ளும், தண்ணீர் எங்கே நிற்கிறது என்றே தெரியாது. நுரை அடங்கக் காத்திருந்தால் ஒரு பொழுது போய்விடும். மூத்தவளோ பன்னிரண்டு குடுவையையும் ஒரு மணி நேரத்தில் போட்டு முடிப்பாள். அந்த வேகத்துக்கு லேபில் அவளுக்குப் பெரிய பேர்.

புதன்கிழமை பத்தரை மணிக்கு இளையவள் கலக்கும் அறையின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றாள். மூத்தவள் முதலில் கையைக் கழுவினாள், ஒரு தரம் இல்லை, மூன்று தரம். நகக்கண்ணுக்குள் பிரஷ் விட்டுத் தேய்த்தாள். முதல் நான்கு குடுவைகள் நிரம்பின. ஐந்தாவதில் நுரை கழுத்து வரை ஏறி நின்றது. மூத்தவளின் வலது கை ஆள்காட்டி விரல், அதற்கென்றே பழகிய விரல், அவள் முகத்துக்குப் போயிற்று. மூக்கும் கன்னமும் சேருகிற மடிப்பில், பிசுபிசுவென்று எண்ணெய் கசிகிற அந்த இடத்தில், மேலிருந்து கீழே ஒரு வழி வழித்தது. பிறகு குடுவையின் கழுத்துக்குள் நுழைந்து நுரையின் தலையைத் தொட்டது.

நுரை அப்படியே படுத்துவிட்டது.

மூத்தவள் குனிந்து கோட்டைப் பார்த்தாள், இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டாள், மூடி போட்டுக் கவிழ்த்துக் குலுக்கினாள். ஆறாவது குடுவைக்கு மூக்கின் இடது பக்கம். வலது பக்கம் தீர்ந்துவிட்டது போலும். ஏழாவதுக்கு நெற்றி.

இளையவள் அங்கே நிற்கவில்லை. ஓடிப்போய்க் கழிவறைத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூன்று மாதம்! எழுபத்திரண்டு என்றும் முப்பத்துமூன்று என்றும் தசமப் புள்ளி வரை அவள் பொறுப்பாகக் குறித்து வைத்ததெல்லாம் ஓரகத்தியின் மூக்கெண்ணெய். அந்தத் தண்ணீரில் அவள் கை நனைந்திருக்கிறது. முகத்தில் தெறித்ததைத் துடைத்திருக்கிறாள். ஒருமுறை உதட்டில்கூடப் பட்டது. சீ! சீ! வாயைப் பத்து முறை கொப்பளித்தும் ஆறவில்லை. கொப்பளித்த தண்ணீர் கூடக் கொழகொழப்பாக இருப்பதாகத் தோன்றியது.

ஆனால் அவள் உள்ளே போய்ச் சத்தம் போடவில்லை. அளக்கிறவளுக்கு வாயைவிடக் கோடு முக்கியம். அன்று மாலையே பன்னிரண்டு குடுவைகளையும் தானே போட்டாள். தண்ணீரைக் குலுங்காமல் சுவரோரமாக ஒழுகவிட்டு, எழும்பிய நுரை தானாக அடங்கட்டும் என்று மூடி வைத்துவிட்டுப் போனாள். வியாழன் காலை வந்து கோடு வரை நிரப்பினாள், அளந்தாள். ஐந்தாவது இறங்கியது. ஆறாவது இறங்கியது. ஏழாவது முப்பத்துமூன்றில் வந்து நின்றது. எட்டு, ஒன்பது, பத்து, எல்லாம் முப்பத்துமூன்று. பள்ளம் போன இடம் தெரியவில்லை. இளையவள் நாற்காலியில் உட்கார்ந்து யாரும் பார்க்காமல் கொஞ்சம் அழுதாள். இது சந்தோஷ அழுகைதான்.

வெள்ளிக்கிழமை மேலாளர் அறையில் மூன்று பேர். இளையவள் புதுக் கோட்டை மேஜையில் வைத்தாள். ஏன், எப்படி என்று அவர் கேட்டபோது, நாக்கு கூசக் கூசச் சொன்னாள். எந்த விரல், மூக்கின் எந்தப் பக்கம் என்பது உட்பட. மூத்தவளின் முகத்தில் ரத்தம் ஏறும், இல்லை இறங்கும், அவள் கத்துவாள், மறுப்பாள் என்றெல்லாம் இரண்டு நாளாக மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள்.

மூத்தவள் சாதாரணமாகச் சொன்னாள். "ஆமா. அதுக்கென்ன? என் முகம், நான் கழுவின முகம். எனக்குச் சொல்லிக் கொடுத்தவங்க அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாங்க."

மேலாளர் ஒரு நொடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "அடடே, மூக்கு வைத்தியமா! நானும் லேப்ல இருந்த காலத்துல எத்தனை குடுவையில விட்டிருக்கேன் தெரியுமா? அது கோட்டைக் கெடுக்கும்னு தோணவே இல்லையே!" சிரித்த சிரிப்பில் கண்ணில் வந்த நீரை விரலால் துடைத்து, அந்த விரலாலேயே பிஸ்கட் டப்பாவைத் திறந்து ஒன்றை எடுத்து இளையவளிடம் நீட்டினார். "எடுத்துக்கோம்மா. கெட்டிக்காரி. மெஷின் இனிமே உன்னுதுதான். அக்கா, நீங்க இனி மூக்கை விட்டுடுங்க, நுரை தானா அடங்கட்டும்."

அவ்வளவுதான். யாரும் முகம் சுளிக்கவில்லை. தலை போகிற விஷயம் என்று அவள் கொண்டுவந்தது ஒரு பிஸ்கட்டோடு முடிந்தது. பிஸ்கட்டைக் கைக்குட்டையில் வாங்கி, வெளியே வந்து குப்பைத் தொட்டியில் போட்டாள். ஜெயித்துவிட்டாள், வேலை நிலைத்தது, பேர் நிலைத்தது.

மாலையில் இருவரும் ஒரே பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார்கள். மூத்தவள்தான் முதலில் பேச்சை எடுத்தாள். குரலில் கோபம் இல்லை. இவ்வளவு இதமாக அவள் பேசியே பல மாதம் ஆகியிருந்தது.

"வளையம்னு உன்னைச் சொல்லிட்டேன். தப்புதான். மனசுல வெச்சுக்காதே."

"பரவாயில்லக்கா."

"ஆனா நீ அதை ஏதோ அசிங்கம் மாதிரி அங்க சொன்னே பாரு, அதுதான் எனக்கு வருத்தமாப் போச்சு. அசிங்கமா இருந்தா நான் பிள்ளைக்குச் செய்வேனா?"

இளையவள் திரும்பினாள். "பிள்ளைக்கு என்ன செய்வீங்க?"

"பால் பாட்டில்தான். குலுக்கினா நுரை நிக்குதில்ல? நுரையோட குடிச்சா வயித்துல காத்து ஏறிடும். நீ குடுத்தா காலை உதைச்சுக்கிட்டுக் கத்துவானே, என்னன்னு நினைச்சே? நான் தொட்டுட்டுக் குடுப்பேன். அடங்கிடும். அவனும் அமைதியாத் தூங்கிடுவான். ஏழு மாசமா அப்படித்தானே வளர்ந்திருக்கான்? எப்படிக் கொழுகொழுன்னு இருக்கான் பாரு!"

இளையவள் கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டாள். அடுத்த நிறுத்தம் வரும்வரை எடுக்கவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் கை கால் கழுவாமல், அவள் வாழ்நாளில் முதல் தடவையாகக் கழுவாமல், பால் பாட்டில் ஆறையும் எடுத்து அண்டாவில் போட்டுக் கொதிக்கவிட்டாள். ரப்பர் காம்புகளைத் தூக்கி எறிந்தாள். "இனி பாட்டிலை நான் பார்த்துக்கறேன்," என்றாள். மூத்தவள் தன் தனி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பிள்ளை தவழ்ந்து வந்து இவள் புடவையைப் பிடித்து எழுந்து நின்றான். தூக்கினாள். பால் ஒட்டிய வாயைத் திறந்து கன்னத்தைக் கவ்வ வந்தான். பெற்ற தாய் தன்னையறியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திருப்பிய பிறகுதான் தெரிந்தது. தன் மேலேயே காறித் துப்ப வேண்டும் போல இருந்தது அவளுக்கு.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் போராட்டம். குலுக்காமல் கரண்டியால் கலக்கிப் பார்த்தாள். பவுடர் கட்டி கட்டியாகக் காம்பை அடைத்தது. குலுக்கி வைத்துவிட்டுக் காத்திருந்தாள். பால் ஆறிப்போயிற்று, நுரை அப்படியே இருந்தது. பிள்ளை பாதி குடித்துவிட்டு முதுகை வில்லாக வளைத்துக் கதறினான். "அண்ணிகிட்ட குடேன்," என்று புருஷன் சொன்னான். அவள் பார்த்த பார்வையில் அவனுக்குத் தாகம் எடுத்துவிட்டது.

திங்கட்கிழமை காலை ஏழு மணி. ஏழேகால் பஸ்ஸை விட்டால் எட்டரைக்குத்தான் அடுத்தது. அவள் பேரில் மெஷின் ஓடத் தொடங்கும் முதல் நாள், வாங்குகிறவர்களுக்குப் புதுக் கோடு அனுப்புகிற நாள். பிள்ளை பசியில் தொண்டை கிழியக் கத்தினான். ஒரு கையில் அவன், ஒரு கையில் பாட்டில். பாட்டிலின் கழுத்து முழுக்க வெள்ளை நுரை, மாலை வரை நின்றாலும் நிற்பேன் என்கிற மாதிரி.

மூத்தவள் சமையலறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "நான் தொடலப்பா," என்றாள்.

மணி ஏழு ஐந்து. ஏழு எட்டு. பிள்ளை அழுத அழுகையில் உதடு நீலம் பாய்ந்தது. இளையவள் பாட்டிலை மேடையில் வைத்தாள், மூடியைத் திருகினாள். பிறகு, யாரோ இன்னொருத்தியின் கை அது என்பது போல், தன் விரலைத் தூக்கித் தன் மூக்கோரத்தில் வழித்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு நுரையைத் தொட்டாள்.

ஒன்றும் ஆகவில்லை. விரல் நுரைக்குள் போய் நுரையோடு வெளியே வந்தது. மறுபடி வழித்தாள், இந்தப் பக்கம், அந்தப் பக்கம், நெற்றி. ஒரு வாரமாகச் சோப்பு போட்டுத் தேய்த்த முகம். கிரீம் இல்லை, எண்ணெய் இல்லை, செதில்தான் வந்தது. ஒரு சொட்டுப் பிசுக்குக்கூட அந்த முகத்தில் இல்லை. அவ்வளவு சுத்தம்.

பஸ் தெருமுனையில் ஹாரன் அடித்தது. இளையவள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, பாட்டிலை வாசல் பக்கம் நீட்டினாள்.

"அக்கா," என்றாள். "வந்து தொட்டுக் குடுங்க."

மூத்தவள் கட்டிய கையை அவிழ்த்தாள். முதலில் குழாயடிக்குப் போய்ச் சோப்பு போட்டுக் கையைக் கழுவினாள், வழக்கம்போல் மூன்று தரம். பிறகு வந்து பாட்டிலையும் பிள்ளையையும் வாங்கிக்கொண்டாள். இளையவள் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். சற்று நேரத்தில் அழுகை நின்றது. பிள்ளை சப்புக்கொட்டிக்கொண்டு மடக்மடக்கென்று குடிக்கிற சத்தம் கேட்டது. அவள் பையை எடுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், பஸ்ஸுக்கு ஓடினாள்.